எட்டு மில்லி உப்புத் தண்ணீர்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள் நான்கு பேர். அக்கா, அம்மா, நான், எதிர் வீட்டு அக்கா. அப்பா இல்லை, அவருக்கு நெய்வேலி மைன்ஸில் முதல் ஷிஃப்ட். மாமா இல்லை, அக்காவைக் கட்டிய அந்த மனிதர் பண்ருட்டியில் வேறு குடித்தனம் வைத்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது, அவரை யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. அக்காவின் வயிற்றுக்குள் வளையம் போட்ட டாக்டர் இல்லை. அவர் குவைத்தில் இருந்தார். அவரிடம் அக்காவை அழைத்துப்போன அரபி வீட்டு எஜமானியம்மா, கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு லண்டன் போயிருந்தாள். பக்கத்தில் இருந்தே ஆக வேண்டிய இரண்டு பேரும் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்.

அக்கா குளியலறை வாசலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். சோறு இல்லை, கஞ்சி இல்லை. கொஞ்சம் முன்பு குடித்த அரை டம்ளர் தண்ணீர் அப்படியே, நிறம்கூட மாறாமல் வெளியே வந்தது.

"தண்ணி கூட எறங்கலன்னா இது தொக்கம்தான்," என்றாள் எதிர் வீட்டு அக்கா. "ஏண்டி, குவைத்துல ஒட்டகக் கறி கிறி தின்னியா? அது நின்னுகினு இருக்கும்."

"ஒண்ணும் தின்னலக்கா."

"தின்னாமயே நிக்குதா? நல்லா இருக்குதே கதை."

அக்கா சிரிக்கப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். வாயைத் திறக்காதே என்று அர்த்தம்.

அக்கா ஏழு வருஷமாகக் குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்தாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா கைநாட்டு. நிலத்தைச் சுரங்கத்துக்குக் கொடுத்ததற்காகக் கிடைத்த வேலை அவருடையது. அக்கா இரண்டாம் வகுப்போடு நின்றவள். அவள் அனுப்பிய பணத்தில் நான் பாலிடெக்னிக் முடித்து, அந்த வருஷம் மைன்ஸில் அப்ரெண்டிஸாகச் சேர்ந்திருந்தேன். அதனால் வீட்டுக்கு வரும் எந்தக் காகிதமும் முதலில் என் கைக்கு வரும். கரண்ட் பில், பேங்க் கடிதம், அக்காவின் விசா, எல்லாம் நான் படித்துச் சொன்னால்தான் மற்றவர்களுக்குத் தெரியும்.

மூன்று மாத லீவில் வந்த அன்றே அக்கா ஒரு பிளாஸ்டிக் உறையை என்னிடம் கொடுத்தாள். அப்போதே ஆளைப் பார்த்து பிளாக்கே அசந்து போயிருந்தது. போகும்போது ஒல்லி, இரண்டு வருஷத்துக்கு முந்தைய லீவில் வந்தபோது ஆட்டோவில் ஏற முடியாத உடம்பு, இப்போது பாதி. "வேலையில பெண்டு நிமித்தறாங்கக்கா" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். உறைக்குள் இருந்த காகிதம் ஒரு பக்கம் அரபியிலும் மறுபக்கம் இங்கிலீஷிலும் இருந்தது.

டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். இரைப்பையின் மேல் பகுதியைச் சுற்றி ரப்பர் மாதிரி ஒரு வளையம் மாட்டியிருக்கிறார்கள். வளையத்திலிருந்து ஒரு மெல்லிய குழாய். குழாயின் முனையில், தொப்புளுக்கு இடது பக்கம், தோலுக்கு அடியில் ஒரு சின்ன வட்டு. அந்த வட்டில் ஊசி குத்தி உப்புத் தண்ணீர் ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். இறுகினால் கொஞ்சம் தின்றாலே வயிறு நிறைந்துவிடும். அக்கா அந்த வட்டைப் 'பொத்தான்' என்றாள். கையை எடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். கோட்டுப் பொத்தான் அளவில் கெட்டியாக இருந்தது.

"அம்மாட்ட கல்லு ஆபரேஷன்னு சொல்லி வச்சிருக்கன். நீ அம்மா தலை மேல சத்தியம் பண்ணு."

"ஏன்க்கா? நல்லதுதானே பண்ணியிருக்காங்க."

"நல்லதோ கெட்டதோ. சோத்தைக் கண்டா எறங்காம இருக்கறதுக்கு வயித்தைக் கிழிச்சிக்கினு வந்திருக்கான்னு தெரிஞ்சா, அம்மா என்னா நெனைக்கும்? நம்ம வூட்ல பசிக்கு எலி வளையைத் தோண்டி நெல்லு எடுத்திருக்காங்கடா."

சத்தியம் பண்ணினேன்.

எஜமானியம்மாவும் அதே வளையம் போட்டவள்தான். மூட்டு வலியால் அக்கா மூன்று மாடி ஏற முடியாமல் ஆனபோது, வேறு ஆள் தேடாமல் தன் டாக்டரிடமே அழைத்துப் போயிருக்கிறாள். அவள் மனசில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அக்கா லீவுக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் எஜமானியம்மாவே, "மூணு மாசம் ஊசி போட ஆள் இருக்காது, இப்பவே நல்லா இறுக்கி விடுங்க" என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறாள். டாக்டர் யோசித்திருக்கிறார். பிறகு ஏற்றிவிட்டார். எவ்வளவு என்று காகிதத்தில் இல்லை. 'நான்கு வாரத்தில் மறுபடி வந்து பார்க்கவும்' என்று மட்டும் இருந்தது. அதைச் சும்மா ஒரு செக்கப் என்று நினைத்துக்கொண்டேன். என் படிப்பு அவ்வளவுதான் எட்டியது.

வந்த இரண்டாம் வாரம் இட்லி இறங்கவில்லை. மூன்றாம் வாரம் கஞ்சியும் இறங்கவில்லை. காகிதத்தில் இருந்த நம்பருக்கும் எஜமானி வீட்டுக்கும் மந்தாரக்குப்பம் பூத்திலிருந்து போன் போட்டேன். எஜமானி வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரி நம்பரில் முதலில் அரபியில் ஒரு டேப் ஓடியது. நான்காம் தடவை ஒரு பெண் எடுத்தாள். எழுதி வைத்திருந்த இங்கிலீஷ் வாக்கியங்களை வரிசையாகப் படித்தேன். பொறுமையாகக் கேட்டாள். "நாளை காலை பத்து மணிக்கு அழைத்து வாருங்கள்" என்றாள்.

"நாங்கள் நெய்வேலியில் இருக்கிறோம்."

"அது எந்தப் பக்கம்? ஏர்போர்ட்டுக்கு அந்தப் பக்கமா?"

இந்தியா என்று சொல்வதற்குள் லைன் போய்விட்டது. பூத்துக்காரர் மீட்டரைப் பார்த்துக்கொண்டே, "யாரு தம்பி, ஷேக்கா? அவர்ட்ட ஒரு வேலை எனக்கும் சொல்லி வை" என்றார்.

எஜமானியம்மா திரும்பி வர இன்னும் இருபது நாள் இருந்தது. அவள் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அக்கா நம்பினாள். அக்கா நம்பியதால் நானும் நம்பினேன். அப்படியே அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

தொக்கம் எடுப்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தின்றது ஏதாவது உள்ளே ஒட்டிக்கொண்டு இறங்காமல் நின்றால், அதற்கென்று இருக்கிற ஆளிடம் போவார்கள். விளக்கெண்ணெய் தடவி வயிற்றை உருவி, தொண்டையில் ஊதி, ஒரு துண்டுக் கறியையோ ஒரு முடிச் சுருளையோ கிண்ணத்தில் எடுத்துக் காட்டுவார்கள். படித்தவன், நம்பமாட்டேன் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. சின்ன வயதில் எனக்கே இரண்டு தடவை எடுத்திருக்கிறார்கள். இரண்டு தடவையும் சரியாகியிருக்கிறது.

சேத்தியாத்தோப்பு தாண்டி ஒரு கிராமத்தில் தொக்கம் எடுக்கிற அம்மாள் ஒருத்தி இருந்தாள். அன்றைக்கே அம்மாவும் நானும் அழைத்துப் போனோம்; பஸ்ஸில் அக்கா ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டே வந்தாள். அங்கே போனால் கூட்டம், டோக்கன் கொடுத்தார்கள். எங்கள் நம்பர் பதினான்கு. உள் அறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, வரிசையாக ஆட்களைப் படுக்க வைத்து உருவிக்கொண்டிருந்தாள். கையில் நல்ல பலம்.

அக்காவின் வயிற்றில் எண்ணெய் தடவி இரண்டு தடவை உருவினாள். மூன்றாம் தடவை கட்டைவிரல் ஓரிடத்தில் நின்றது.

"இது என்னாடி, சில்லு மாதிரி?"

"அது ஆபரேஷன் தையலுங்க," என்றாள் அக்கா.

"தையலு இப்படியா உருளும்? எத்தனை வயிறு பாத்திருக்கன்! இங்கதான்ம்மா நிக்குது. எறங்க வழியில்லாம ஒதுங்கி நின்னுகினு இருக்குது."

"அதான் நானும் சொன்னன்," என்றாள் அம்மா.

அந்த அம்மாள் இரண்டு கட்டைவிரலையும் பொத்தானுக்கு அடியில் கொடுத்து அழுத்தித் தள்ளினாள். அக்கா முனகினாள். மறுபடி தள்ளினாள். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர்கூட வரவில்லை, உடம்பில் இருந்தால்தானே வரும். இப்போதாவது சொல் என்று பார்க்கிறாளா, சொல்லிவிடாதே என்று பார்க்கிறாளா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் சுவரோரமாக நின்றேன். அம்மா தலை மேல் சத்தியம் பண்ணியிருந்தேன். அம்மா எனக்குப் பக்கத்தில் நின்றாள். அதைக் காரணமாகச் சொல்லிக்கொள்ளலாம். உண்மையில், இதனால் சரியாகிவிட்டால் பரவாயில்லையே என்று எனக்குள் ஒரு ஆசை இருந்தது. மூன்றாவது தடவை தள்ளியபோது அக்கா சத்தம் போட்டாள்.

"நகந்துடுச்சி," என்றாள் அந்த அம்மாள். கிண்ணத்தில் வெளுத்த சதைத் துண்டு ஒன்று கிடந்தது.

அம்மா அதைப் பார்த்துக் கும்பிட்டாள்.

மறுநாள் அக்காவுக்கு எச்சில்கூட இறங்கவில்லை. ஒரு சொம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு துப்பித் துப்பிக் களைத்தாள். எழுந்து நடந்தால் கால் பின்னியது. பாதத்தில் எறும்பு ஊர்வது மாதிரி இருக்கிறது என்றாள். மத்தியானம் அம்மா, "இன்னொரு தரம் போயி எடுத்துக்கினு வந்துடலாம்" என்று புடவை மாற்றினாள். அப்போதுதான் நான் சொன்னேன். உறையைப் பிரித்துத் தரையில் காகிதத்தை விரித்து, வளையம், குழாய், பொத்தான் என்று விரலால் காட்டிச் சொன்னேன்.

அம்மா காகிதத்தைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தாள்.

"பசிக்கக் கூடாதுன்னு ஆபரேஷனா?"

அக்கா காலி உறையை எடுத்து மடித்தாள்.

"ஏண்டி, நாங்க பசியெடுத்துப் பசியெடுத்து உங்களை வளத்தோம். நீ காசு குடுத்து அதை அடைச்சிக்கினு வந்தியா?"

"காசு நான் குடுக்கலம்மா, அவங்க குடுத்தாங்க," என்றாள் அக்கா. பேசுவதற்கு நடுவில் சொம்பில் துப்பினாள். "அந்த வூட்ல ஒரு நாளைக்கு ரெண்டு கறி, ஒரு மீனு. பாதிக்கு மேல மிச்சம். குப்பையில கொட்டச் சொல்லுவாங்க. எனக்குக் கொட்ட மனசு வரலம்மா. தட்டை எடுத்துக்கினு அடுப்பாங்கரையில நின்னுகினே நான்தான் தின்னன். ஏழு வருசம் தின்னன். மாடி ஏற முடியல. அனுப்பிடுவாங்கன்னு பயம். அதான்."

அம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். பிறகு, "நேத்து அவ அந்த இடத்தைப் புடிச்சித் தள்ளினாளே, அப்ப வாயில என்னா வச்சிருந்த?" என்று கேட்டாள். அது என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி.

ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பாவிடம் அம்மாவே சொன்னாள். அவர் பூட்ஸைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"அக்கா வந்த அன்னியிலேருந்துப்பா."

அடிப்பார் என்று நினைத்தேன். "நீ படிச்சவன்னுதான் இந்த வூட்ல ஒரு பேப்பரையும் நாங்க பிரிச்சிப் பாக்கறதில்ல," என்றார். கழற்றாத பூட்ஸோடு ஆட்டோ பிடிக்கப் போனார்.

கல்யாணமான மகள் பெயர் அப்பாவின் மெடிக்கல் புத்தகத்தில் இருக்காது, மைன்ஸ் ஆஸ்பத்திரியில் பார்க்கமாட்டார்கள். அதனால் மந்தாரக்குப்பத்தில் இரும்புக் கடை மாடியில் இருந்த டாக்டரிடம் போனோம். வயதானவர். காகிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அரபிப் பக்கத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அக்காவின் கண்ணைப் பிரித்துப் பார்த்து, பாதத்தைச் சுரண்டிப் பார்த்தார்.

"தம்பி, இதை நான் படத்துலதான் பாத்திருக்கேன். உள்ள ஏத்தின தண்ணியை வெளிய எடுத்தா சரியாயிடும். ஆனா அதுக்குத் தனி ஊசி. நம்மகிட்ட இருக்கற ஊசியால குத்தினா அந்தப் பொத்தான் கிழிஞ்சி போவும். அப்பறம் எவனும் ஒண்ணும் பண்ண முடியாது."

"அந்த ஊசி எங்க சார் கிடைக்கும்?"

"ஊசி கிடைச்சாலும் கை வேணும்ல?"

டிரிப் போட்டார். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் வைட்டமின் ஊசி ஒன்று போட்டார். பட்டினி கிடந்த உடம்பில் அதைப் போடாமல் குளுக்கோஸ் ஏற்றக் கூடாது, காலில் எறும்பு ஊர்கிறது என்றாலே அதற்குத்தான் அர்த்தம் என்று எனக்கும் சொன்னார். "இதை வச்சி மூணு நாலு நாள் தாக்காட்டலாம். அதுக்குள்ள ஆளைத் தேடு. நீதான் தேடணும். எனக்குப் பேஷண்ட்டு வெளியில நிக்கறாங்க."

அப்ரெண்டிஸ் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுத் தேடினேன். காலையில் போன் பூத், மத்தியானம் பிரவுசிங் சென்டர். கம்ப்யூட்டர் முன்னால் அதற்கு முன் நான் உட்கார்ந்தது பரீட்சை ரிசல்ட் பார்க்கத்தான். வளையத்தின் பெயரை இங்கிலீஷில் அடித்தால் வெள்ளைக்காரப் பெண்கள் பெரிய பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படங்கள் வந்தன. குவைத் ஆஸ்பத்திரியின் முகவரிக்கு ஒரு மெயில் எழுதினேன். அதை எழுதவே ஒரு மணி நேரம் ஆனது. பாண்டிச்சேரியில் மூன்று இடம், சென்னையில் எட்டு இடம் போன் போட்டேன். பாதிப் பேர் அப்படி ஒரு ஆபரேஷனே கேள்விப்பட்டதில்லை. மீதிப் பேர் கேட்டது ஒரே கேள்வி.

"எங்க போட்டது?"

"குவைத்துலங்க."

"அப்ப அங்கயே காட்டச் சொல்லுங்க."

"கஞ்சி எறங்கி ஒன்பது நாள் ஆச்சுங்க, இப்ப தண்ணியும் எறங்கல."

"வேற டாக்டர் போட்டதுல எங்க டாக்டர் கை வைக்கமாட்டாருங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சின்னா யாரு பதில் சொல்றது?"

அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் அவ்வளவு பயமாக இருந்தது. கெட்டவர்கள் என்றால் சண்டை போடலாம்.

மாலையில் டிரிப் ரூமுக்குப் போனால் அக்கா என் முகத்தைப் பார்ப்பாள். நான் பாட்டிலைப் பார்ப்பேன். உதடு வெடித்திருந்தது. அம்மா ஈரத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். தள்ளுவண்டியில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனபோது, "ஒரு வாய் சப்பிட்டுத் துப்பிடறன்டா" என்று அக்கா கேட்டாள். வாங்கிக் கொடுத்தேன். சப்பிவிட்டுச் சொம்பில் துப்பினாள். அப்படியே பாதி ஐஸைத் தீர்த்தாள். எதிர் வீட்டு அக்கா பார்க்க வந்தவள், சொம்பில் ரோஸ் கலரில் தண்ணீரைப் பார்த்துவிட்டு ரத்தம் என்று அலறிவிட்டாள். அக்கா சிரித்தாள். அந்த ஐந்து நாளில் அவள் சிரித்தது அது ஒன்றுதான். எதிர் வீட்டு அக்கா வேதக்காரி; போகும்போது தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினாள். வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டு, "தொக்கம்னு நான்தானே வாய வச்சன்" என்று அழுதாள்.

புதன்கிழமை டாக்டரே தன்னோடு படித்த ஒருவருக்குப் போன் போட்டு, சென்னையில் ஒரு சர்ஜனின் நம்பர் வாங்கிக் கொடுத்தார். பூத்தில் நின்று மறுபடி என் இங்கிலீஷ் காகிதத்தைப் பிரித்தேன். முதல் வாக்கியம் பாதி வருவதற்குள் அந்தப் பக்கம் எடுத்த பெண், "தமிழ்லயே சொல்லுங்க தம்பி, ஏன் கஷ்டப்படறீங்க" என்றாள். காகிதத்தை மடித்துப் பையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சர்ஜனின் உதவி டாக்டர் அவள். கடைசியில், "எங்க பேஷண்ட் இல்ல, ஆனா இப்படியே விட முடியாது" என்றாள். "என்ன வளையம்னு கார்டு ஒண்ணு குடுத்திருப்பாங்க, கொண்டு வாங்க. உள்ள எத்தனை மில்லி இருக்குன்னு கேட்டு வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் அந்த போர்ட்ல, பொத்தான் மாதிரி இருக்கறதுல, யாரும் கை வைக்காம பாத்துக்கோங்க."

"சரிங்க," என்றேன். ஏற்கெனவே கை வைத்தாகிவிட்டது என்று சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்றுவிடுவாளோ என்று பயம். இரண்டாம் தடவையாகவும் வாயை மூடிக்கொண்டேன்.

கார்டு அக்காவின் பர்ஸில், வேளாங்கண்ணி மாதா படத்துக்குப் பின்னால் இருந்தது. எஜமானி வீட்டில் உடன் வேலை செய்த பெண் கொடுத்த படமாம். வியாழக்கிழமை மத்தியானம் மெயிலுக்குப் பதில் வந்தது. மூன்று வரி. உள்ளே எட்டு மில்லி உப்புத் தண்ணீர் இருக்கிறது. அத்தனையும் உடனே எடுத்துவிட வேண்டும். தாமதிப்பது ஆபத்து. பிரிண்ட் எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வாடகைக் காரில் கிளம்பினோம். கார் ஜன்னலுக்கு மேல் இருந்த கொக்கியில் டிரிப் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டோம். பண்ருட்டியைத் தாண்டும்போது ரோட்டோரம் முழுக்கப் பலாப்பழம் குவித்து வைத்திருந்தார்கள்; வாசனை காருக்குள் வந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு அதை இழுத்து இழுத்து முகர்ந்தாள். அம்மா கண்ணாடியை ஏற்றச் சொன்னாள்.

"இருக்கட்டும்மா," என்றாள் அக்கா. "மோந்துகினாவது வரன்."

அம்மா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

சர்ஜன் சின்ன வயதுக்காரர். அக்காவைப் படுக்க வைத்து, பொத்தான் இருந்த இடத்தைத் தடவி, நீளமான ஊசியை எடுத்துக் குத்தினார். எடுத்து மறுபடி குத்தினார். மூன்றாம் தடவையும் சிரிஞ்சில் ஒன்றும் வரவில்லை. எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"போர்ட் குப்புறத் திரும்பியிருக்கு. ஊசி குத்தற பக்கம் உள்ள போயிடுச்சி. இது தானா இப்படித் திரும்பறது கம்மி. யாராவது வயித்தை அமுக்கினாங்களா?"

அம்மா சட்டென்று, "நான்தாங்க" என்றாள். "எண்ணெய் தேச்சி விட்டன். தெரியாம அமுக்கிட்டன்."

"இல்ல சார்," என்றேன். "தொக்கம் எடுத்தாங்க. நான்தான் பஸ்ல கூட்டிட்டுப் போனேன். உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பாத்துக்கிட்டு நின்னேன்."

அவர் திட்டுவார் என்று நின்றுகொண்டிருந்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "வைட்டமின் யார் போட்டது? முதல்லயே போட்டாங்களா?" என்று கேட்டார். மந்தாரக்குப்பம் டாக்டரைச் சொன்னேன். "அவராலதான் இவங்களை இங்க உயிரோட கொண்டு வந்திருக்கீங்க. தியேட்டர்ல வச்சி, மரத்துப் போக ஊசி போட்டு, திறந்து திருப்பணும். வெளியில உக்காருங்க."

ஒரு மணி நேரத்துக்கும் குறைவுதான் ஆனது. நர்ஸ் வெளியே வந்து ஒரு பெரிய சிரிஞ்சைக் காட்டினாள். தெளிந்த தண்ணீர், மருந்து டம்ளரில் ஒரு மடக்கு அளவு. இவ்வளவுதானா என்று அம்மா கேட்டாள். இவ்வளவுதான் என்றாள் நர்ஸ்.

அக்காவை நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு டம்ளரில் தண்ணீர் கொடுத்தார்கள். அவள் கொஞ்சம் வாயில் வைத்துக்கொண்டு, விழுங்கலாமா என்று எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். வழக்கம்போல் இடது கை சொம்பைத் தேடியது. விழுங்கினாள். எல்லாரும் காத்திருந்தோம். அம்மா எண்ணிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன், உதடு அசைந்தது. ஒன்றும் திரும்பி வரவில்லை. இன்னொரு வாய் விழுங்கினாள்.

"எறங்குதும்மா," என்றாள். "குளுகுளுன்னு போவுதும்மா உள்ள."

அப்பா அறைக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் முதலிலேயே செய்திருக்க வேண்டியதையெல்லாம் செய்தோம். சர்ஜன் மந்தாரக்குப்பம் டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். வாரம் இரண்டு வைட்டமின் ஊசி அங்கே, மாதம் ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்து ரிப்போர்ட்டைத் தபாலில் சென்னைக்கு அனுப்புவது, மூன்றாம் மாதம் நேரில் வருவது. ஒரு நோட்டு வாங்கி, ஒவ்வொரு நாளும் அக்கா என்ன குடித்தாள், என்ன நின்றது, கால் எப்படி இருக்கிறது என்று எழுதினேன். எழுதியதை அன்றன்றைக்குச் சாயங்காலம் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அப்பா அப்படித்தான் செய்யச் சொன்னார். எதையும் விடாமல் படிக்க வேண்டும். வெளிக்குப் போனது வரை படிக்க வேண்டும். அக்காவின் கால் சரியாவதற்கு இரண்டு மாதம் ஆனது.

எஜமானியம்மா லண்டனிலிருந்து வந்ததும் எதிர் வீட்டுக்குப் போன் போட்டாள். அக்கா அரபியில் பேசினாள்; நடுவில் அழுதாள். உடனே கிளம்பி வா, நம் டாக்டரிடமே மறுபடி இறுக்கிக்கொள்ளலாம், டிக்கெட் நான் போடுகிறேன் என்றாளாம். அக்கா யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வைத்தாள்.

மூன்றாம் மாதம் சென்னையில் சர்ஜன் இரண்டு வழி சொன்னார். வளையத்தைக் காலியாகவே விட்டுவைத்து, மாதா மாதம் வந்து கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கலாம். இல்லையென்றால் எடுத்துவிடலாம், அதற்கு இன்னொரு ஆபரேஷன். யோசித்துச் சொல்லுங்கள் என்று வெளியே அனுப்பினார். பெஞ்சில் உட்கார்ந்தோம். அதுவரை எனக்குத் தெரிந்த அத்தனையையும், இரண்டு பக்கத்து நல்லது கெட்டதையும், எதையும் ஒளிக்காமல் சொன்னேன்.

"எடுத்துட்டா மறுபடி பசிக்குமா?" என்று அம்மா கேட்டாள்.

"பசிக்கும்மா."

"உடம்பு ஏறிடுமா?"

"பாத்துச் சாப்பிடலன்னா ஏறும்."

"அந்த வூட்ல மறுபடி மாடி ஏற முடியாது," என்றாள் அக்கா. "வேலை போயிடும்."

"பசிக்கட்டும்," என்றாள் அம்மா. "பசிச்சா நான் இருக்கறன், ஆக்கிப் போடறன். எடுக்கச் சொல்லுடா."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தலையாட்டிய பிறகுதான் உள்ளே போய்ச் சொன்னேன்.

அக்கா குவைத்துக்குத் திரும்பிப் போகவில்லை. தொக்கத்துக்குப் போன பஸ் டிக்கெட்டிலிருந்து, பொத்தானையும் குழாயையும் வளையத்தையும் எடுத்து ஒரு டப்பாவில் போட்டுக் காட்டிய அந்தக் கடைசி நாள் வரைக்கும், எல்லாமாகச் சேர்த்து எங்களுக்கு ஆனது எழுபத்தோராயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய்.